உமினெகோ இரண்டாம் அத்தியாயத்தில் விட்டுவிடலாமா?

உமினெகோ என்ற ஜப்பானியக் கதை விளையாட்டில் (படித்துக்கொண்டே போகும் விஷுவல் நாவல்) முதல் அத்தியாயம் நல்ல கொலை மர்மமாகப் போனது, இரண்டாவதில் எல்லாம் மாயாஜாலம், நேராக ஐந்தாவதுக்குத் தாவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தாவாதீர்கள். நானும் அதே இடத்தில்தான் கோபப்பட்டு மூடி வைத்தேன்.

உங்களைக் குழப்புவதுதான் அந்த அத்தியாயத்தின் வேலை. கதாநாயகன் பாட்லர் தன் கண்ணால் பார்க்காத காட்சிகளை நடந்த சம்பவமாக எடுக்காதீர்கள். யாரோ உங்களுக்குச் சொல்லும் கதையாகப் படியுங்கள். மந்திரச் சண்டை வந்தால், 'இதை ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டமே அங்கேதான் இருக்கிறது. சிவப்பு எழுத்தில் வருவது மட்டும் உண்மை, அதற்கு ஆதாரம் தேவையில்லை. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் ரொம்ப உதவும்.

அப்புறம், முதல் அத்தியாயம் முடிந்ததும் மெனுவில் திறந்த 'தேநீர் விருந்து' என்ற கூடுதல் பகுதியையும், அதன் பிறகு வரும் '????' பகுதியையும் படித்தீர்களா? இல்லையென்றால் இன்றே படியுங்கள். பாட்லரும் சூனியக்காரி பேயாட்ரிசும் எதற்காக மோதுகிறார்கள் என்பது அங்கேதான் தொடங்குகிறது.

2007 முதல் 2010 வரை எட்டு அத்தியாயங்களும் இடைவெளி விட்டு வந்தன. அன்றைய வாசகர்கள் மாதக்கணக்கில் விவாதித்துக்கொண்டே காத்திருந்தார்கள். நீங்களும் நான்காவது முடிந்ததும் ஒரு வாரம் நிறுத்தி, உங்கள் ஊகத்தை இங்கே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.