வலிப்புக்கான எப்டாயின் மாத்திரையை நாளுக்கு 300 மி.கி.யிலிருந்து 400 ஆக்கியதும் அப்பா தள்ளாடுகிறார். கல்லீரல் கெட்டுவிட்டதா?

கல்லீரல் நன்றாக இருந்தாலும் இப்படி ஆகும். 300 மி.கி.யில் ரத்த அளவு (மில்லிக்கு மைக்ரோகிராமில்) 10, 400-ல் 28 என்று எழுதியிருக்கிறீர்கள். லேப் தவறு என்று நினைக்க வேண்டாம், கணக்கு அப்படித்தான் வரும்.

எப்டாயினில் இருப்பது ஃபெனிடாயின். அதைச் சிதைக்கும் பாரம் பெரும்பாலும் சிஒய்பி2சி9 என்ற ஒரே நொதியின் தலையில். சிஒய்பி2சி19 கொஞ்சம் கைகொடுக்கும். மற்ற பல மருந்துகளில் டோஸ் கூடினால் கழிவதும் கூடும். இதில் 10–20 என்ற சிகிச்சை அளவுக்குள்ளேயே நொதி நிரம்பிவிடுகிறது. நாளுக்கு அதிகபட்சம் 450 மி.கி. கழிக்கும் ஒரு கல்லீரல், அளவு 6 இருக்கும்போது அதில் பாதி வேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். மாத்திரையில் இருப்பது ஃபெனிடாயின் சோடியம் என்ற உப்பு, அதில் 100 மி.கி.க்கு ஃபெனிடாயின் சரக்கு 92 மி.கி.தான். அப்படிப் பார்த்தால் ரத்த அளவு 300-க்கு 9.5, 350-க்கு 15, 400-க்கு 27! அதனால்தான் இந்தக் கட்டத்தில் 25, 30 மி.கி.யாக ஏற்றுவார்கள். ரத்த அளவு 20 தாண்டினால் கருவிழி ஆடும், 30-ஐ ஒட்டித் தள்ளாட்டம், 40-க்கு மேல் குழப்பம்.

டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். டிபிக்கு ஐசோநயாசிட், பூஞ்சைக்கு ஃப்ளுகோனசோல் என்று ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா? இரண்டும் ஃபெனிடாயின் சிதைவதைத் தடுக்கும். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் எவ்வளவு? மருந்தில் 90 சதவீதம் அதில்தான் ஒட்டியிருக்கும். அது குறைந்தால் ஒட்டாமல் வேலை செய்யும் பங்கு கூடும். அல்புமின் 2 (டெசிலிட்டருக்கு கிராமில்) என்றால் ரிப்போர்ட்டில் 10 என்று இருப்பது உண்மையில் 20-க்குச் சமம். ரத்தம் எப்போது எடுத்தார்கள்? டோஸ் மாற்றி இரண்டு வாரமாவது கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

'நெட்டில் வைத்தியமா' என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். அந்த ரத்த அளவு ரிப்போர்ட்டுடன் இன்றே நரம்பியல் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறேன்.

கேட்காத ஒன்று. 'கம்பெனிதான் வேற, மருந்து அதேதான்' என்று மெடிக்கலில் மாற்றிக் கொடுப்பது எரிச்சலாக வருகிறது. 1968-ல் ஆஸ்திரேலியாவில் மாத்திரையின் நிரப்புப் பொருளை மட்டும் கால்சியம் சல்பேட்டிலிருந்து லாக்டோஸுக்கு மாற்றினார்கள். உடம்பில் சேரும் மருந்து கூடி, அதே டோஸ் சாப்பிட்டவர்களுக்கே நச்சேறியது. சிரப்பும் அப்படித்தான். குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியில் தங்கிவிடும்; பாட்டில் தொடக்கத்தில் வலிப்பு, அடிமட்டத்துக்கு வரும்போது தள்ளாட்டம்.