சப்பாத்து வாங்கினது ஏன் எண்டு கேட்டீங்களா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில இருக்கிறன். கனடாவில இருந்து அண்ணா குடும்பம் லீவுக்கு வந்து, எல்லாருமா தம்புள்ளைக்குப் போய் ரெண்டு நாள் நிண்டனாங்கள். கண்டலம குளத்துப் பக்கம் ஹொட் எயார் பலூன் சவாரி, அண்ணா எங்களுக்கும் சேர்த்து புக் பண்ணினவர், அருமையா இருந்தது. இப்ப அண்ணி எங்கட பங்குக் காசக் கேக்கிறா. இவர் "கூப்பிட்டவை தானே குடுக்கோணும்" எண்டு நிக்கிறார். அண்ணாவோட கதையுங்கோ எண்டு அம்மாட்ட சொன்னா அவ வாயே திறக்கிறா இல்ல, அங்கால போய் வந்ததில இருந்து ஒரு மாதிரித்தான் இருக்கிறா. 67 வயசு, முழங்கால் நோ எண்டபடியா அவவ பலூன்ல ஏத்தேல்ல, சப்பாத்து கூட புதுசா வாங்கி வச்சிருந்தவ பாவம், எங்கட ரெண்டு வயசுச் சின்னவன அவ தான் வச்சிருந்தவ. காசக் குடுக்கிறதா, விடுறதா?

பதில்: காசக் குடுங்க தங்கச்சி. ஏறினீங்க, பாத்தீங்க, குடுங்க. வெளிநாட்டில இருந்து ஆக்கள் வந்திட்டுப் போன பிறகு இந்தப் பங்குக் கணக்கு எத்தினை வீட்டில இருந்து எனக்கு வருது எண்டு உங்களுக்குத் தெரியாது, எல்லாத்துக்கும் நான் சொல்லுறது இதுதான், கூப்பிடக்கை "ஆர் காசு குடுக்கிறது" எண்டு கேக்காம ஏறினா, இறங்கின பிறகு குடுக்க மாட்டன் எண்டு நிக்க ஏலாது. அது முடிஞ்சுது.

எனக்கு நித்திரை வராமப் பண்ணினது அந்தச் சப்பாத்து. ரெண்டு கொமாவுக்கு நடுவில வச்சு, பக்கத்தில ஒரு "பாவம்" போட்டு, அடுத்த கதைக்குப் போயிட்டீங்க. எங்கட ஊரில அந்த வயசு அம்மாமார் எப்ப சப்பாத்துப் போட்டவை? பாட்டாச் செருப்போட ரவுணுக்குப் போவினம், கோணேஸ்வரம் கோயிலுக்கு எண்டா அதையும் கழட்டி வச்சிட்டு வெறுங்காலோட நடப்பினம். பலூன்ல ஏறுற ஆக்கள் கால் மூடின சப்பாத்துப் போட்டு வரோணும் எண்டு சொல்லுறது வழக்கம், விடியப்புறம் புல்லெல்லாம் நனைஞ்சு கிடக்கும், இறங்கிற இடம் வயலோ பத்தையோ ஆருக்கும் தெரியாது. அத உங்கட வீட்டில ஆரோ சத்தமா வாசிச்சிருப்பீங்க, அவ குசினிக்குள்ள நிண்டு கேட்டிருப்பா, ஒருத்தரிட்டயும் சொல்லாம போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறா. 67 வயசில ஒரு மனுசி தானும் வாறன் எண்டு இதவிட எப்பிடிச் சொல்லுறது?

முழங்கால் நோ பொய் எண்டு நான் சொல்லேல்ல. அந்தக் கூடைகளில கனக்க கூடைக்கு கதவு இல்ல, பக்கத்தில இருக்கிற ஓட்டைக்குள்ள கால வச்சு ஏறித்தான் உள்ள போகோணும், இறங்கக்கை எல்லாரும் முழங்கால மடிச்சுக்கொண்டு கயித்தப் பிடிக்கோணும், காத்து இருந்தா கூடை சரிஞ்சு கொஞ்சத் தூரம் இழுபடவும் செய்யும். அப்ப ஏத்தாம விட்டது சரியாக் கூட இருக்கலாம். ஆனா அத ஆர் சொன்னது? டொக்டரா? பைலட்டா? நீங்க "ஏத்தேல்ல" எண்டு மட்டும் எழுதியிருக்கிறீங்க, அம்மாட்ட கேட்டதா ஒரு சொல்லும் இல்ல.

இன்னொண்டு. ஏற ஏலாத அந்த முழங்கால் தானே உங்கட சின்னவனத் தூக்கி வச்சுக்கொண்டு நிண்டது? வெயில் ஏறி நிலம் சூடாகினா காத்துக் குழம்பும் எண்டு இருட்டோட தான் வெளிக்கிடுறது, அந்த நேரம் நித்திரையால எழுப்பின ரெண்டு வயசுப் பிள்ளை எப்பிடி அழும் எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பைலட்டால பலூன மேல ஏத்தலாம், கீழ இறக்கலாம், மற்றபடி காத்து போற பக்கம் தான் அது போகும், கீழ வாகனம் பின்னால ஓடும். உங்கட அம்மா பிள்ளைய மடியில வச்சுக்கொண்டு குளக்கட்டு வழிய வான்ல குலுங்கிக் குலுங்கி வந்தாவோ, இல்ல அந்த வெளியிலயே அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டாவோ, அதையும் நீங்க எழுதேல்ல.

ரெண்டு வயசுப் பிள்ளைய ஏத்த மாட்டினம், ஆரோ ஒராள் நிக்கத்தான் வேணும், அது புக் பண்ணேக்கையே தெரிஞ்ச விசயம். நீங்க, உங்கட அவர், அண்ணா, அண்ணி, நாலு வளர்ந்த ஆக்கள். "நான் நிக்கிறன்" எண்டு ஒராளும் சொல்லேல்ல. பிள்ளை பாக்க ஆள் தேவைப்பட்ட உடன முழங்கால் ஞாபகம் வந்திருக்கு. எனக்கு இதில கோவம் வருது தங்கச்சி, மறைக்கேல்ல. உப்புவெளியில அந்த வயசு அம்மாமாருக்கு 90 ஆம் ஆண்டுச் சண்டையும் தெரியும், 2004 மார்கழிக் கடலும் தெரியும், அவையளுக்குப் பிள்ளையத் தூக்கிக்கொண்டு ஓடின பயணம் தான் கனக்க. ஒருக்கா மேல நிண்டு ஊரப் பாப்பம் எண்டு அந்த மனுசி ஆசைப்பட்டா, அவவிட கையில திருப்பியும் ஒரு பிள்ளையக் குடுத்திட்டுத் தானே நீங்க ஏறினீங்க. அதுக்குப் பிறகு உங்கட காசுச் சண்டைக்கு அவவ தூது வேற அனுப்பப் பாக்கிறீங்க.

இண்டைக்கே காச அனுப்பிப் போட்டு, பிள்ளையளையும் அவரையும் விட்டிட்டுத் தனியாப் போய் அம்மாவோட இருங்க. முழங்கால் எண்டு தொடங்காதீங்க. சப்பாத்து ஏன் வாங்கினீங்க அம்மா எண்டு கேளுங்க, அழுதா அழட்டும், ஏசினா ஏசட்டும், குறுக்க கதைக்காதீங்க. பிறகு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காலக் காட்டுங்க, நோ எண்டு சொல்லிச் சொல்லி இவ்வளவு நாளும் ஆரும் காட்டினீங்களோ தெரியேல்ல. அந்தப் பக்கம் பலூன் பறக்கிறது கார்த்திகையில இருந்து சித்திரை மட்டும், அண்ணா வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்ல. புக் பண்ண முதல் வயசையும் முழங்காலையும் உள்ளபடி சொல்லுங்க. ஏலாது எண்டா பலூன்காரரே அவவிட்ட சொல்லட்டும். அப்பிடிச் சொன்னாலும் கூட்டிக்கொண்டு போங்க, பிள்ளைய தேப்பன் வச்சிருக்கட்டும், நீங்க அவவோட கீழ நில்லுங்க. நிலத்தில விரிச்ச அந்தப் பெரிய துணிக்குள்ள ஃபேன் காத்தடிக்கிறதும், பிறகு உள்ளுக்கு நெருப்பு அடிச்சுச் சூடாக்க அது மெல்ல மெல்ல எழும்பி நிக்கிறதும் பாக்கிறதே ஒரு பெரிய காட்சி, பிள்ளை அழாட்டி அண்டைக்கே அவ அத வடிவாப் பாத்திருப்பா. வரக்கை கந்தளாயில நிப்பாட்டி தயிர் வாங்கிக் குடுங்க.

அதுக்கு முதல் அந்தச் சப்பாத்து வீட்டில இருக்குதோ எண்டு பாருங்க. ஆருக்காவது குடுத்திட்டா எண்டா அவவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் கால் அளவு பாத்து வாங்குங்க, அந்தக் காசுக்கு அண்ணாட்ட பங்கு கேட்டிடாதீங்க.