படை போன இடத்தில் பயங்கரவாதம் ஒழிந்ததா?

கேள்வி: "பயங்கரவாதிகளை அவர்கள் இருக்கும் நாட்டுக்கே போய் அடித்தால்தான் அடங்குவார்கள்" என்று வகுப்பில் ஒரு தோழி வாதாடினாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாட்டின் மீது படையெடுத்தால் பயங்கரவாதம் கூடுமா, குறையுமா?
– வரலாறு படிக்கும் மாணவி

பதில்: பெரும்பாலும் கூடும். உங்கள் தோழி சொல்வதைத்தான் ஒரு காலத்தில் நானும் நம்பினேன்.

2003 ஏப்ரல் 9 அன்று ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் எனக்கு இரவுப் பணி. பாக்தாத்தின் பிர்தவ்ஸ் சதுக்கத்தில் ஈராக் அதிபர் சதாம் உசேனின் சிலையைச் சங்கிலி கட்டி இழுத்துச் சாய்க்கும் படம் வந்து சேர்ந்தது. மறுநாள் முதல் பக்கத்துக்கு 'பாக்தாத் வீழ்ந்தது' என்று தலைப்புப் போட்டது நான்தான். அமெரிக்கா தலைமையிலான படை ஈராக்குக்குள் நுழைந்து மூன்றே வாரம். கொடுங்கோலன் ஒழிந்தான், இனி அங்கே வீடு கட்டுகிறார்கள், பள்ளி திறக்கிறார்கள் என்றுதான் செய்தி வரும் என்று மனதார நினைத்தேன்.

அந்த நினைப்பு ஆகஸ்ட் 19 வரைதான் இருந்தது. அன்று மாலை நாலரை மணிக்கு, பாக்தாத்தில் கனால் ஹோட்டலின் பக்கவாட்டில் ஒரு லாரி வந்து வெடித்தது. ஐ.நா. அலுவலகம் இயங்கியது அந்தக் கட்டடத்தில்தான். லாரி வெடித்த இடத்துக்கு மேலே ஐ.நா. தூதர் செர்ஜியோ வியேரா டி மெல்லோவின் அறை. அவர் இடிபாட்டுக்குள் உயிரோடு சிக்கிக்கொண்டார். பேசவும் செய்தார். உள்ளே இறங்கிய வீரர்கள் இருவரிடம் கல்லை அகற்ற முறையான கருவி எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் கைப்பையைத் திரைச்சீலைக் கயிற்றில் கட்டி, செங்கல் துண்டுகளை அதில் போட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடியும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. மொத்தம் 22 பேர் இறந்தார்கள். உலகின் மிக வலிமையான ராணுவம் பிடித்து வைத்திருந்த நகரத்தில் ஒரு மனிதரை மீட்கக் கைப்பைதான் கிடைத்தது என்பது இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

சில வாரங்களில் ஐ.நா. தன் வெளிநாட்டு ஊழியர்களில் பெரும்பாலானோரை அங்கிருந்து அழைத்துக்கொண்டது. குண்டு வைத்தவர்களுக்கு வேண்டியதும் அதுதான். நாட்டை மறுபடி நிமிர்த்தக்கூடியவர்கள் போய்விட வேண்டும்.

அந்தக் குண்டை வைத்தது ஜோர்டான்காரரான அபூ முசாப் அல்-சர்காவியின் கூட்டம். இந்தப் பெயரை அதே ஆண்டு பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பாவெல் உச்சரித்திருந்தார். சதாமுக்கும் அல்-கொய்தாவுக்கும் நடுவே இருக்கும் கண்ணி இவர்தான் என்பது அவர் வாதம். செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையமோ, அந்த இரு தரப்பும் சேர்ந்து செயல்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்று பின்னால் சொல்லிவிட்டது. போருக்கு முன் சர்காவியின் கூட்டாளிகள் ஒண்டியிருந்தது சதாமின் கை எட்டாத வடகிழக்கு மலைப்பகுதியில். படை நுழைந்து சதாமின் அரசு சரிந்ததும் நாடு முழுக்க அவர்களுக்குத் திறந்துகொண்டது. 2004 அக்டோபரில் சர்காவி அல்-கொய்தா தலைவர் பின்லாடனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தார். ஆக, ஈராக்கில் அல்-கொய்தா பெயர்ப்பலகை மாட்டியது படையெடுப்பு நடந்து ஒன்றரை ஆண்டு கழித்து. உங்கள் தோழியிடம் இந்த வரிசையை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நானும் ராணுவத்தில் இருந்தவன். எதிரிப் படையைத் தோற்கடித்த பிறகு அங்கே பயங்கரவாதம் எப்படித் தலையெடுக்கும்? வீரர்களைக் குறை சொல்கிறீர்களா?
– ஓய்வுபெற்ற சுபேதார்

பதில்: இல்லை ஐயா. வீரர்கள் தங்களிடம் சொன்ன வேலையை மூன்று வாரத்தில் முடித்தார்கள். அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகளைத்தான் சொல்கிறேன்.

2003 மே 23 அன்று, ஈராக்கை நிர்வகிக்க வந்த பால் பிரெமர் 'ஆணை எண் 2' என்று ஒன்றில் கையெழுத்துப் போட்டார். ஈராக் ராணுவம் கலைக்கப்பட்டது. கிட்டத்தட்ட 4 லட்சம் பேர். அவர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியும், வெடி வைக்கத் தெரியும், எந்தக் கிடங்கில் எது இருக்கிறது என்றும் தெரியும். சம்பளமும் பதவியும் போனது. ஒரு வாரம் முன்பு வந்த ஆணை எண் 1, சதாமின் பாத் கட்சியில் மேல்மட்டத்தில் இருந்தவர்களை அரசு வேலையிலிருந்து விலக்கியிருந்தது. ஜூன் 18 அன்று வேலை இழந்த வீரர்கள் சம்பளம் கேட்டு பாக்தாத்தில் அமெரிக்க நிர்வாகம் இருந்த அரண்மனை வாசலில் கூடினார்கள். கல் பறந்தது, அப்புறம் துப்பாக்கி வெடித்தது. இரண்டு முன்னாள் வீரர்கள் அங்கேயே செத்தார்கள். சில நாட்களில் உதவித்தொகை அறிவித்தார்கள். உதவித்தொகையால் மரியாதையைத் திருப்பித் தர முடியுமா? தோளில் நட்சத்திரம் சுமந்தவர் வாசலில் கை நீட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

கிடங்குகளைக் காவல் காக்கவும் போதிய ஆள் இல்லை. பாக்தாத்துக்குத் தெற்கே அல்-கக்கா என்ற பெரிய ஆயுத வளாகம் இருந்தது. சர்வதேச அணுசக்தி முகமை அங்கே சக்திவாய்ந்த வெடிமருந்தைப் பட்டியலிட்டு, கிடங்குகளுக்கு முத்திரை வைத்திருந்தது. 2004 அக்டோபரில், அதில் 340 டன்னுக்கு மேல் காணவில்லை என்ற செய்தி வந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவான வெடிமருந்து பயணிகள் விமானத்தையே வீழ்த்திவிடும். அந்தச் செய்தியை மொழிபெயர்க்கும்போது கிலோவா டன்னா என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

சிறைக்கும் இதில் பங்கு உண்டு. தெற்கே உம் கசர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கேம்ப் பக்கா என்று ஒரு தடுப்பு முகாம். ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து அங்கே ஒன்றாகப் போட்டார்கள். வெளியில் சந்தித்தால் தலை போய்விடும் என்றிருந்தவர்களுக்கு உள்ளே உட்கார்ந்து நிதானமாகப் பேச நேரம் கிடைத்தது. விடுதலையாகிப் போகும்போது ஒருவருக்கொருவர் தொலைபேசி எண்ணை உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டையில் எழுதிக்கொண்டு போனோம் என்று அங்கே இருந்த ஒருவர் பின்னாளில் ஒரு நிருபரிடம் சொன்னார். 2004-ல் அந்த முகாமில் இருந்த கைதிகளில் ஒருவர் அபூ பக்கர் அல்-பாக்தாதி. பத்து ஆண்டு கழித்து, 2014 ஜூலையில், மொசூல் நகரப் பள்ளிவாசலின் மேடையில் ஏறி, சர்காவியின் கூட்டத்திலிருந்து வளர்ந்த ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பின் தலைவராக, தன்னைக் கலீபா, அதாவது முஸ்லிம்கள் எல்லோருக்கும் தலைவர், என்று அறிவித்துக்கொண்டவர் அவர்தான். அவருக்குப் போர்த் திட்டம் வகுத்துக் கொடுத்தவர்களில் பலர், ஆணை எண் 2 வீட்டுக்கு அனுப்பிய அதிகாரிகள்.

கேள்வி: ஆப்கானிஸ்தானுக்கும் இதே பதில்தானா? அங்கேயிருந்துதானே செப்டம்பர் 11 திட்டம் வந்தது?

பதில்: நியாயமான கேள்வி. அங்கே அல்-கொய்தாவின் பயிற்சி முகாம்கள் இருந்தது உண்மை. அமெரிக்கா போர் தொடங்கிய 2001 அக்டோபர் 7-க்குப் பிறகு அவை அழிந்ததும் உண்மை. அத்தனை பெரிய தாக்குதல் மறுபடி அங்கிருந்து கிளம்பவில்லை. இதை மறைத்துவிட்டு வாதாடுவது சரியில்லை.

ஆனால் அங்கே உட்கார்ந்த 20 ஆண்டுகளில் கிடைத்தது என்ன? பின்லாடன் 2011 மே மாதம் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒரு வீட்டில் கொல்லப்பட்டார். அதைச் செய்தது ஹெலிகாப்டரில் போய் இறங்கிய ஒரு சிறு குழு. முன்பு அல்-கொய்தாவுக்கு அடைக்கலம் கொடுத்த தாலிபான் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூலுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே, பின்லாடனுக்கு அடுத்து வந்த அய்மன் அல்-சவாஹிரி காபூலின் நடுவே ஒரு வீட்டில் குடியிருந்தார் என்பது அவரை ட்ரோன் கொன்றபோது தெரிந்தது. முகாமை உடைக்கப் படை போதும். யாருக்கு யார் அடைக்கலம் கொடுப்பது என்பதை மாற்ற 20 ஆண்டும் போதவில்லை.

கேள்வி: எல்லாவற்றுக்கும் அமெரிக்காவையே சொல்கிறீர்களே?

பதில்: சொல்லவில்லை. 1982 ஜூனில் இஸ்ரேல் லெபனானுக்குள் நுழைந்தது, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை விரட்ட. விரட்டவும் செய்தது. அதன் தலைவர் யாசர் அராபத் பெய்ரூத்தை விட்டு துனிசியாவுக்குப் போனார். தெற்கு லெபனானின் ஷியா முஸ்லிம் கிராமங்களில் பலர் முதலில் இஸ்ரேலிய வீரர்கள் மேல் அரிசி தூவி வரவேற்றார்கள். பாலஸ்தீன ஆயுதக் குழுக்களால் அவர்களும் நொந்துபோயிருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1983 அக்டோபரில் நபதியே ஊரில் ஆஷுரா துக்க ஊர்வலம் நடந்துகொண்டிருந்தபோது, இஸ்ரேலிய ராணுவ வண்டிகள் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து போகப் பார்த்தன. ஆத்திரத்தில் ஜனம் வண்டியைக் கவிழ்த்துத் தீ வைக்க, வீரர்கள் சுட்டார்கள். அரிசி தூவிய மண்ணில் அதற்குப் பிறகு ஹிஸ்புல்லா என்ற ஷியா ஆயுத இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. படை திரும்பியது 2000 மே மாதம். ஹிஸ்புல்லா உருவானதே எங்கள் இருப்பால்தான் என்று முன்னாள் இஸ்ரேலியப் பிரதமர் எஹுத் பராக்கே பிறகு ஒப்புக்கொண்டார்.

சோமாலியாவை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை மொகதிஷுவுக்குள் போனது, அங்கே ஆண்டுகொண்டிருந்த இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பைக் கலைக்க. கூட்டமைப்பு சில நாளில் சிதறிவிட்டது. அதற்குள் சிறு இளைஞர் பிரிவாக இருந்த அல்-ஷபாப் மட்டும் சிதறவில்லை. பழைய பகை நாட்டின் படை தலைநகரில் நிற்கிறது என்ற ஒன்றைச் சொல்லியே ஆள் திரட்டியது. 2009 தொடக்கத்தில் எத்தியோப்பியா திரும்பியபோது தெற்கு சோமாலியாவின் பெரும்பகுதி அல்-ஷபாப் கையில். விரட்டப்போனதைவிட மோசமான ஒன்று அங்கே உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: படையெடுத்த நாட்டு மக்களாவது பாதுகாப்பாக இருந்தார்களா?

பதில்: லண்டனில் 2005 ஜூலை 7 அன்று சுரங்க ரயிலிலும் பேருந்திலும் 52 பேரைக் கொன்றவர்கள் ஈராக்கிலிருந்து வரவில்லை. நால்வருமே பிரிட்டனில் வாழ்ந்தவர்கள், அவர்களில் மூவர் அங்கேயே பிறந்தவர்கள். பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-க்கு அப்போது தலைவராக இருந்த எலிசா மானிங்காம்-புல்லர், 2010-ல் ஈராக் போர் விசாரணைக் குழு முன் சாட்சி சொன்னார். நாம் ஈராக்குக்குள் போனது நம் இளைஞர்களில் சிலரைத் தீவிரவாதத்தின் பக்கம் தள்ளியது என்பதே அவர் சாட்சியத்தின் சாரம். படை கிளம்புவதற்கு முந்தைய மாதமே, போர் தொடங்கினால் அல்-கொய்தாவின் ஆபத்து கூடும் என்று பிரிட்டனின் உளவுக் குழு அரசிடம் எழுதிக் கொடுத்திருந்தது. தெரிந்தே போனார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

கேள்வி: அப்படியானால் துப்பாக்கியே வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: இல்லை. 2017 ஜூலையில் மொசூலை ஐ.எஸ். பிடியிலிருந்து மீட்டது துப்பாக்கிதான். வெளிநாட்டு விமானங்கள் மேலிருந்து உதவின. தெருத் தெருவாக இறங்கிச் செத்தவர்கள் ஈராக் வீரர்கள். வந்தவன் அந்நியன் என்று சொல்லி ஆள் சேர்க்க ஐ.எஸ்.-ஸால் முடியவில்லை.

அதற்கும் முன்னால், 2006-ல் அன்பார் மாகாணத்தின் சுன்னிப் பழங்குடித் தலைவர்கள் அல்-கொய்தாவின் அட்டூழியம் பொறுக்காமல் தாங்களே எதிர்த்து நின்றார்கள். அமெரிக்கர்கள் அவர்களுக்கு மாதம் 300 டாலர் அளவில் கொடுத்தார்கள். இந்தக் காவல் குழுக்களில் சுமார் 1 லட்சம் பேர் சேர்ந்தார்கள். வன்முறை கண்கூடாகக் குறைந்தது. அமெரிக்கா கூடுதல் படை அனுப்பியதும் அதே சமயத்தில்தான் என்பதால் எது எவ்வளவு உதவியது என்று இன்னும் வாதம் நடக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பக்கம் மாறியிருக்காவிட்டால் கூடுதல் படையாலும் ஆகியிருக்காது என்பது என் கருத்து. அப்புறம் வந்த பாக்தாத் அரசு அவர்களில் பலருக்குக் கொடுத்த வேலை வாக்குறுதியைக் காப்பாற்றவில்லை. 2014-ல் ஐ.எஸ். வந்தபோது அவர்களைத் தேடித் தேடிக் கொன்றது.

கேள்வி: இப்படிக் காரணம் அடுக்குவது பயங்கரவாதிகளுக்கு வக்காலத்து வாங்குவது ஆகாதா?

பதில்: ஆகாது. கனால் ஹோட்டலுக்கு லாரியை அனுப்பியவன்தான் அந்த 22 உயிருக்கும் குற்றவாளி. கோபத்தில் இருந்த லட்சக்கணக்கான ஈராக்கியர்கள் குண்டு வைக்கவில்லை. ஈராக்கில் வெடித்த குண்டுகளில் செத்தவர்களில் பெரும்பாலோரும் ஈராக்கியர்கள்தான்.

2016 ஜூலை 3, நள்ளிரவு கடந்த நேரம். ரம்ஜான் மாதக் கடைசி. பாக்தாத்தின் கராதா கடைவீதியில் குடும்பம் குடும்பமாகப் பெருநாளுக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐ.எஸ். அனுப்பிய வண்டி அங்கே வெடித்துத் தீப்பிடித்ததில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நகரத்தின் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் வெடிகுண்டைக் கண்டுபிடிக்க அப்போதும் வைத்திருந்தது, பிரிட்டனில் ஒருவர் தயாரித்து விற்ற போலிக் கருவி. ஒரு கைப்பிடி, அதில் ஒரு ஆன்டெனா, உள்ளே ஒன்றுமே கிடையாது. விற்றவர் 2013-லேயே பிரிட்டனில் சிறைக்குப் போய்விட்டார். கருவி மட்டும் பாக்தாத் சாவடிகளில் தொடர்ந்து இருந்தது. கராதாவுக்குப் பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொல்லி ஈராக் பிரதமர் உத்தரவு போட்டார்.

மூன்றே நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லண்டனில் ஈராக் போர் விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 12 தொகுதிகள். போருக்கு முன்பே வந்திருந்த எச்சரிக்கைகள் அதில் தேதி வாரியாக இருந்தன. அந்த வாரமும் எனக்கு இரவுப் பணிதான். ஒரு பக்கம் அந்த அறிக்கை, இன்னொரு பக்கம் கராதாவில் இன்னும் அடையாளம் தெரியாத உடல்களின் எண்ணிக்கை. இரண்டையும் நானே மொழிபெயர்த்தேன்.