புத்தகம் திறந்தே இருக்கட்டும்

அன்புள்ள சார்,

கோவையில் வீட்டிலேயே பியானோ சொல்லித் தருகிறேன். 14 பிள்ளைகள். எல்லாரும் 12 வயதுக்குள். மே விடுமுறையில் எங்கள் வீட்டு ஹாலில், பெற்றோரை மட்டும் அழைத்து, படபடப்பே இல்லாமல் ரிலாக்ஸ்டாக ஒரு நிகழ்ச்சி நடத்த ஆசை. யாரை முதலில் வாசிக்க வைப்பது, சாப்பிட என்ன கொடுப்பது? புத்தகம் பார்க்காமல்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் மூன்று பேருக்குப் பரிசும் உண்டு.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எனக்கு பியானோ தெரியாது. பேத்தி வாசிக்கிறாள், நான் பக்கம் புரட்டுகிறவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

படபடப்பே இல்லாமல் என்று எழுதிய கை, அடுத்த மூச்சில் மனப்பாடம், பரிசு என்றும் எழுதுகிறதே! பரிசை விடுங்கள், அதைப் பேச எனக்குப் பொறுமையில்லை. மனப்பாடத்தைத்தான் விட முடியவில்லை.

எட்டாம் வகுப்பில் குறள் ஒப்பித்தல் போட்டி. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று 30 குறளை மழைபோல் கொட்டிவிட்டேன். அடுத்தது 'இடுக்கண் வருங்கால் நகுக'. அங்கே நின்றது. எதிரே தமிழய்யா 'அதனை, அதனை' என்று வாயசைக்கிறார். எனக்கு விளங்கவில்லை. 'முதல்ல இருந்து சொல்லட்டுமா?' என்றேன். விட்டார்கள். மறுபடி 30 குறள். மறுபடி 'நகுக'. இந்தமுறை சபை வள்ளுவர் சொன்னபடியே செய்தது.

போன மாதம் பேத்தி ஒரு மேடையில் இதையேதான் செய்தாள். பாதியில் நின்று, முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் நின்றாள். அன்று புத்தகத்துக்குத் தடை, எனக்கும் வேலையில்லை. குழந்தையின் மனப்பாடம் விரலில் இருக்கிறது, விரலுக்கு நடுவிலிருந்து தொடங்கத் தெரியாது. பார்க்காமல் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு, ஒரு பீஸில் மூன்று நான்கு இடங்களிலிருந்து தொடங்கப் பழக்குங்கள். மற்றவர்களை வற்புறுத்தாதீர்கள்.

பார்க்காமல் வாசிப்பது ஆதிகாலத்து மரபும் இல்லை. 1837இல் பெர்லினில் கிளாரா வீக் (பின்னாளில் இசையமைப்பாளர் ஷூமானின் மனைவி) பெத்தோவன் சொனாட்டாவைப் பார்க்காமல் வாசித்தபோது, சிலருக்கு அது 17 வயதுப் பெண்ணின் திமிராகத்தான் பட்டது. ரஷ்யாவின் பியானோ மேதை ரிக்டர் கடைசிக் காலத்தில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்கொளியில் நோட்ஸ் பார்த்தே வாசித்தார். அவ்வளவு ஏன், பியானோ படிக்கும் பிள்ளைகள் போகும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்விலேயே மனப்பாடத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. ரிக்டருக்குப் புத்தகம் உண்டு, ஆறு வயதுக் குழந்தைக்குக் கிடையாதா? என்ன நியாயம் அம்மா இது?

புத்தகம் இருந்தால் பக்கம் புரட்ட ஆள் வேண்டும். வாசிக்கப் பயந்து அம்மா முந்தானைக்குள் ஒளியும் பிள்ளை ஒன்று உங்களிடமும் இருக்கும். அந்த வேலையை அதற்குக் கொடுங்கள். பியானோ பக்கத்தில் நின்று பழகட்டும். அடுத்த வருடம் தானே உட்காரும்.

கோபமாக எழுதிவிட்டேன். வீட்டு ஹாலைத் திறந்துவிடுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

கேட்டதை மறந்துவிட்டேனே. சின்னவர்கள் முதலில், அவர்களால் காத்திருக்க முடியாது. பஜ்ஜி வேண்டாம், எண்ணெய்க் கை நேரே கட்டைகளுக்குப் போகும். முறுக்கு, வாசிப்பெல்லாம் முடிந்த பிறகு. பிள்ளைகளுக்காகச் சொல்லவில்லை. மெதுவாக வாசிக்கிற இடத்தில் கடிப்பது எப்போதும் தாத்தாக்கள்தான்.