கிளாஸ் 73 எஞ்சினைக் கையில் வாங்குமுன்

தம்பி, குரொய்டனுக்கு வந்து மூன்று மாதமாகிறது என்றும், உங்களோடு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து, கூரைக்கடியிலுள்ள அறையில் ஓடவிடும் தன் சின்ன ரயில்களைக் காட்டப்போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல் விழும் வயதில் எஞ்சின் பொம்மைக்கு இவ்வளவு பவுண்டு கொடுக்கும் மனிதரிடம் நான் என்ன பேசுவது என்பது உங்கள் கேள்வி. போங்கள். ஆனால் அங்கே போய்ப் பொம்மை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுத்துவிடாதீர்கள். இங்கே அதற்கு மொடல் என்றுதான் பெயர்.

அவர் புதிதாக வாங்கியது கிளாஸ் 73 என்று சொன்னாராமே. அப்படியென்றால் அது மின்சாரத்திலும் டீசலிலும் ஓடும் எஞ்சினின் மொடல். நீங்கள் தினமும் ஏறும் தெற்கு லண்டன் ரயில்களுக்குத் தலைக்கு மேல் கம்பி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது; வண்டியின் காலடியில் உள்ள இரும்புச் சப்பாத்து அதைத் தொட்டு எடுத்துக்கொள்கிறது. ஆட்கள் நடமாடும் சரக்கு முற்றங்களிலும் துறைமுகக் கரைகளிலும் அந்தத் தண்டவாளத்தைப் போட முடியாது. அந்த இடைவெளிக்காகவே செய்யப்பட்டது இந்த எஞ்சின். முதல் ஆறு எஞ்சின்கள் 1962இல் ஈஸ்ட்லீ ரயில் பட்டறையில் உருவாயின. மீதி 43 பின்னர் வல்கன் பட்டறையிலிருந்து வந்தன. மின்சாரத்தில் 1,600 குதிரைத்திறன் இருக்கும் இதற்குத் தன் சொந்த டீசலில் 600தான் உண்டு. மின்சாரம் இல்லாத கொஞ்சத் தூரத்தைக் கடக்க அது போதும் என்பது அன்றைய கணக்கு.

எனக்கும் இதற்கும் பழைய தொடர்பு ஒன்று இருப்பதை நான் வெகுகாலம் அறியாமலே இருந்தேன். 1991இல் கட்விக் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு பையோடு லண்டன் விக்டோரியா நிலையத்துக்கு ரயில் ஏறினேன். 1984இல் தொடங்கிய கட்விக் எக்ஸ்பிரஸ் அது. ஒரு முனையில் பயணப்பெட்டிகள் ஏற்றும் மோட்டார் வண்டியும் மறு முனையில் இந்தக் கிளாஸ் 73உம் இருந்திருக்கின்றன. குளிரில் நடுங்கியபடி இருந்த நான் எஞ்சினையா பார்த்தேன்? பல ஆண்டுகளுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர், சாம்பல் உடம்பில் சிவப்புக் கோடு போட்ட மொடலை மேசையில் வைத்து விவரம் சொன்னபோதுதான், என்னை இந்த நாட்டுக்குள் இழுத்து வந்தது எது என்று தெரிந்தது.

அதைக் கையில் வாங்கும் விதத்தைத்தான் நீங்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். முழு நீளமே இருபத்தொரு சென்டிமீட்டர் சொச்சம். ஆனாலும் பாரம் உண்டு. முகப்பில் காற்றுக் குழாய்கள், மின்இணைப்புக் கயிறுகள், தூக்கிவைக்கும் கொக்கி எல்லாம் தனித்தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் ஏறும் கைப்பிடி, தையல் ஊசியைவிட மெல்லிய கம்பி. பக்கத்து வீட்டுக்காரரின் மொடலை நான் அவசரப்பட்டுச் சக்கரத் தொகுதியில் பிடித்துத் தூக்கினேன். மூன்றாவது தண்டவாளத்தைத் தொடும் சப்பாத்து ஒன்று கழன்று கம்பளத்தில் விழுந்தது. அரிசி மணியைவிடச் சற்றே பெரிது. இருவரும் முழங்காலில் நின்று கைவிளக்கு அடித்துத் தேடினோம். கண்டெடுத்ததை அவர் சாமணத்தால் பிடித்துப் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே, தன் மனைவி இறந்த வருடத்தைப் பற்றிச் சொன்னார். ஆறு வருடம் வேலிக்கு மேலால் வானிலை மட்டும் பேசிய மனிதர். முகத்துக்கு முகம் உட்கார வைத்து ஊர், பேர், பிள்ளைகள் என்று விசாரிப்பது நமது பழக்கம். இந்த நாட்டவர் பலருக்கு, நடுவில் ஒரு பொருள் இருந்து இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் பேச்சு வரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொடலில் அந்தச் சப்பாத்துக்கு வேலையே இல்லை. சின்ன எஞ்சின் இரண்டு தண்டவாளங்களிலிருந்தும் சக்கரம் வழியாகவே மின்சாரம் எடுக்கிறது. ஆனால் அது ஒன்று குறைந்தால் உங்கள் நண்பரின் கண் உடனே அங்கேதான் போகும். ஆகவே இரண்டு கையாலும் உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கி வாங்குங்கள்.

பேச்சுக்கு வழி தேடினால், தண்டவாளம் ஏன் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்று கேளுங்கள். இங்கே பெரும்பாலோர் வைத்திருக்கும் மொடலின் அளவு நிஜத்தில் 76இல் ஒன்று. அந்தக் கணக்குக்கு இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் விற்பதோ 16.5. பிரித்தானிய எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை; அக்கால மோட்டார் அவற்றின் மொடலுக்குள் அடங்காததால் உடம்பை மட்டும் பெருப்பித்து, தண்டவாளத்தை ஐரோப்பிய மொடல்களின் அளவிலேயே விட்டுவிட்டார்கள். இது தெரியாதவர் போலக் கேளுங்கள். அரை மணி நேரம் உங்களுடையது. விலையைக் கேட்க வேண்டாம். போகும்போது ஒரு பெட்டி பிஸ்கட் போதும்.

நீங்களும் ஒன்று வாங்க வேண்டுமா என்றால், இப்போது வேண்டாம். ஆசை பிடித்தால், ஊர் மண்டபங்களில் நடக்கும் கண்காட்சிகளில் லீமா கம்பெனியின் பழைய கிளாஸ் 73 மலிவாகக் கிடைக்கும். கைப்பிடிகூட உடம்போடு வார்த்ததுதான், ஆனால் விழுந்தாலும் மனம் நோகாது.

ஒலி எழுப்பும் மின்னணுச் சில்லு பொருத்திய மொடலாக இருந்தால், டீசலுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்துவார், முதலில் இருமல் போல ஒன்று வரும், பிறகு நாலு சிலிண்டர் உறுமும். அப்போது அவர் உங்களைப் பார்க்க மாட்டார், எஞ்சினைத்தான் பார்ப்பார். நீங்களும் அதையே பார்த்துக்கொண்டிருங்கள்.