பெண்கள் சர்வதேச ஐஸ் ஹாக்கியை இப்போது ஏன் இவ்வளவு பேர் பார்க்கிறார்கள்?

என் கணக்கில் முதல் காரணம் அமெரிக்கா, கனடா இடையிலான தீராத போட்டிதான். 1998 நகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி அறிமுகமானபோதே இறுதிப் போட்டியில் மோதியவை இவைதான், தங்கம் அமெரிக்காவுக்கு.

2014 சோச்சி இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றரை நிமிடம்தான் பாக்கி, அமெரிக்கா 2-0 முன்னிலை. கனடா ஒரு கோல் போட்டது. அப்புறம் கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு, கூடுதலாக ஒரு வீராங்கனையை இறக்கியது. காலி வலையைப் பார்த்து அமெரிக்கா அடித்த பக் (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு), பனியில் நெடுந்தூரம் வழுக்கிப்போய்க் கம்பத்தில் மோதி நின்றது. கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும்! ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் கனடாவின் மரி-ஃபிலிப் பூலான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் அவருடையதே.

சரி, ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதானே? அந்த இடைவெளியை நிரப்புவது, 2024 ஜனவரியில் ஆறு அணிகளுடன் தொடங்கிய பி.டபிள்யூ.ஹெச்.எல். என்ற வட அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக். அதே ஏப்ரலில் மான்ட்ரியல், டொராண்டோ ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். நாட்டுக்காக ஆடும் முகங்கள் வாராவாரம் கண்ணில் பட்டால், உலக சாம்பியன்ஷிப்பையும் தானாகவே தேடிப் பார்ப்பார்கள்.

இரண்டு அணிகள் மட்டும்தானா என்று கேட்பவர்கள் 2019 உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியைப் பாருங்கள். சொந்த மண்ணில் பின்லாந்து கூடுதல் நேரத்தில் கோல் போட்டுக் கொண்டாடியே முடித்துவிட்டது. வீடியோவைப் பார்த்து நடுவர்கள் அதை ரத்து செய்தார்கள். ஷூட்-அவுட்டில் அமெரிக்கா வென்றது. பின்லாந்து ரசிகர்களிடம் இன்றும் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.