நெட்வொர்க் பாதுகாப்பு வேலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடிங் எனக்கு வராது. நெட்வொர்க் செக்யூரிட்டியில் வேலை கிடைக்குமா?
– கல்லூரி மாணவி, பெரம்பூர்

கிடைக்கும். ஃபயர்வால் (வேண்டாத டிராஃபிக்கைத் தடுக்கும் அரண்) பராமரிப்பு, கண்காணிப்பு போன்ற வேலைகளில் சேரலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்முனை சொல்லும் அளவுக்கு உண்மையிலேயே தகவல் வந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் சோதனை இணையத் தொடர்பை ரகசியமாக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் விடுபட்டிருந்தது. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் வரை திருப்பிக் கேட்கலாம். சர்வரின் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டுகூட அதோடு வெளியே போகும். கோடு படிக்கத் தெரிந்தால்தான் இது ஏன் நடந்தது, வேறு எங்கே நடக்கலாம் என்பது பிடிபடும். அதனால் ‘வராது’ என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். பைதான் என்ற புரோகிராமிங் மொழியில் ஆரம்பியுங்கள். ஒரு லாக் ஃபைலை (கணினியில் நடப்பவை பதிவாகும் கோப்பு) திறந்து, எந்த ஐபி முகவரியிலிருந்து அதிகமாக லாகின் தோல்வி வந்திருக்கிறது என்று எண்ணும் சின்ன புரோகிராம் போதும். அப்புறம் நெட்வொர்க்கில் போய்வரும் தகவலைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் உங்கள் கணினியின் டிராஃபிக்கையே பாருங்கள். ஒரு வெப்சைட் திறக்கும்போது டிஎன்எஸ் (முகவரி தேடுவது), டிசிபி (இணைப்பு ஏற்படுத்துவது), டிஎல்எஸ் (அதை ரகசியமாக்குவது) எந்த வரிசையில் வருகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பத்து வருடமாக ஸ்விட்ச், ரவுட்டர் வேலை. இனி மாறலாமா?
– அம்பத்தூர் வாசகர்

தாராளமாக. உங்கள் அனுபவத்தை எந்த கோர்ஸும் தராது. லினக்ஸ், லாக் ஆய்வு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரி வெப்சைட்டிலேயே ஓட்டை தேடிப் பழகலாமா?
– மாணவர், ஆவடி

கூடவே கூடாது தம்பி. அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கட்ட நேரும். மோசடி நோக்கம் என்று நிரூபணமானால் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வீட்டுக் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை இயக்க உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, பயிற்சிக்காகவே ஓட்டைகளோடு உருவாக்கிய மெட்டாஸ்ப்ளாய்டபிள் என்ற மெய்நிகர் கணினியை அதில் ஏற்றுங்கள். அதை இணையத்தோடு மட்டும் இணைத்துவிடாதீர்கள்.

மகளுக்கு ஓஎம்ஆரில் எஸ்ஓசி (பாதுகாப்புக் கண்காணிப்பு மையம்) வேலை கிடைத்திருக்கிறது. நைட் ஷிஃப்ட் அவசியமா?
– ஒரு தாய், தாம்பரம்

ஆரம்பத்தில் பெரும்பாலும் இருக்கும் அம்மா. நெட்வொர்க்கை 24 மணி நேரமும் கண்காணிக்கும் இடம் அது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்கள் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவே போட்டிருக்கிறது. வீடு வரை வண்டி, பாதுகாவலர், ஷிஃப்ட் எப்போது மாறும் என்பதையெல்லாம் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.